குடியிருக்கும் வீட்டுக்கு வண்ணம் எப்போது?

தமிழ்நாட்டு நகரங்களில் வாடகை வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சமயத்தில்தான் நடக்கிறது. ஒரு குடும்பம் காலி செய்து போய், அடுத்த குடும்பம் பால் காய்ச்ச வருவதற்குள் கிடைக்கும் சில நாட்கள்தான் அந்தச் சமயம். அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும் வீடு எப்போதும் புதுக்கருக்கு மாறாமல் இருக்கிறது. ஒரே குடும்பம் 10, 12 ஆண்டுகள் தங்கிவிட்ட வீடு, அவர்கள் வந்த நாளில் அடித்திருந்த பெயிண்டோடு அப்படியே நின்றுவிடுகிறது. மாதம் தவறாமல் வாடகை கொடுத்து, ஆண்டுதோறும் வாடகை உயர்வுக்கும் தலையசைத்து, குழாய்க்கு வாஷர் மாற்றுவது முதல் வாசல் விளக்கு வரை தானே கவனித்துக்கொள்பவருக்குப் பழுப்பேறிய சுவர் மிஞ்சுகிறது. வந்து போகிறவருக்குப் புதுச் சுவர் கிடைக்கிறது. நெடுநாள் குடியிருப்பவரைத் தண்டிக்கும் இந்த வழக்கம் நியாயமற்றது, சட்டத்தோடும் ஒட்டாதது, உரிமையாளரின் பணக் கணக்குக்குமே எதிரானது.

இந்த வழக்கம் தொன்றுதொட்டு வந்ததும் அல்ல. காரைச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்த காலத்தில், பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பது ஆண்டுக் கடமையாக இருந்தது. நீற்றிய சுண்ணாம்பில் கொஞ்சம் வஜ்ஜிரமும் நீலமும் கலந்து மட்டையால் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. செலவு குறைவு, பல வீடுகளில் குடியிருப்போரே அடித்துக்கொண்டார்கள். ஒண்டுக்குடித்தன வீடுகளில்கூட மார்கழிக் கடைசியில் சுவர் வெளுத்துவிடும். பிறகு டிஸ்டெம்பர் வந்தது. அதன்பின் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் என்பது வழக்கமானது. எமல்ஷன் சுண்ணாம்பைவிட நெடுநாள் தாங்கும், செலவும் பல மடங்கு. ஆண்டுதோறும் அடிக்கத் தேவையில்லாமல் போனது. ஆனால், ஆண்டுக்கு ஒருமுறை என்ற பழைய கெடு கைவிடப்பட்டபோது, அதனிடத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றோ ஏழாண்டுக்கு ஒருமுறை என்றோ புதிய கெடு எதுவும் வைக்கப்படவில்லை. கெடு இல்லாத கடமையை எவரும் எப்போதும் தள்ளிப்போடலாம். இன்றைய சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மனிதர்கள் வாழும் வீடு பழசாகத்தான் செய்யும். அடுப்படிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். பூஜை அலமாரிக்கு மேலே விளக்குக் கரி படியும். கட்டில் தலைமாட்டில் தலையெண்ணெய்க் கறை, சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கைத்தடம், நாற்காலி உரசிய கோடு என்று எல்லாமே வரும். இவை குடியிருப்பவரின் அலட்சியத்தால் வருபவை அல்ல. வீட்டை வீடாகப் பயன்படுத்தியதால் வருபவை. சட்டம் இவற்றை இயல்பான தேய்மானம் என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு, குத்தகைக்கு எடுத்தவர் சொத்தைத் தாம் பெற்ற நிலையிலேயே திருப்பித்தர வேண்டும் என்று சொல்லும்போதே, நியாயமான தேய்மானத்தை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்த பிறகும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே அதைச் செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

ஓதம் வேறு வகை. மொட்டை மாடித் தளத்தின் வெடிப்பு வழியாகவும், குளியலறைக் குழாயின் கசிவு வழியாகவும், அடித்தளத்திலிருந்து மேலேறியும் நீர் சுவருக்குள் புகுகிறது. செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பை அது கரைத்து வெளிப்பக்கம் கொண்டுவருகிறது. நீர் காய்ந்துவிட, உப்பு பூத்து நின்று பெயிண்டைத் தள்ளிப் பொரியவைக்கிறது. பார்ப்பவருக்கு அது பெயிண்ட் கெட்டுப்போனதாகத் தெரிந்தாலும், கெட்டிருப்பது தளமோ குழாயோதான். அதைச் சரிசெய்யாமல் மேலே அடிக்கப்படும் எந்தப் பெயிண்டும் அடுத்த மழைக்குத் தாங்காது. ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் இருக்கும் வீட்டில் ஓதச் சுவரின் பூஞ்சை, அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக நின்றுவிடுவதில்லை; மூச்சு சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. வீட்டைப் புதுப்பித்துத் தரக் கேட்பவர் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது அவசியம். ஒழுகும் தளத்தைச் சரிசெய்யச் சொல்வது காத்திருக்கவே முடியாத கோரிக்கை. மங்கிய சுவருக்கு வண்ணம் கேட்பது காலம் பார்த்து நிறைவேற்றக்கூடியது.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்தது. நியாய வாடகை என்ற பெயரில் பல பழைய கட்டடங்களின் வாடகை, சந்தை விலையிலிருந்து வெகுவாகக் கீழே தங்கிப்போனது. வரும் வாடகை சொத்து வரிக்கே போதாதபோது எந்த உரிமையாளரும் சுவருக்குச் செலவிட மாட்டார். திருவல்லிக்கேணியிலும் சௌகார்பேட்டையிலும் சாரம் கட்டாமலே சிதைந்த வீடுகளுக்கு அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. அந்தக் காலத்து உரிமையாளர்களின் மனக்குறையில் உண்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், அந்தச் சட்டம் இப்போது இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்தது. வாடகை எவ்வளவு என்பதை இருவரும் பேசி முடிவுசெய்துகொள்ளலாம் என்று அது விட்டுவிட்டது. வாடகை குறைவு, அதனால் பராமரிக்க முடியவில்லை என்ற பழைய சமாதானம் அத்தோடு தீர்ந்தது.

அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பராமரிப்பு வேலைகளை இரண்டாகப் பங்கிடுகிறது. குழாய், வாஷர், சாக்கடை அடைப்பு, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், குழாய்ப் பாதைகளை மாற்றுவது, மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. அவற்றோடு, சுவர்களுக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளர் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்திலும் பங்கீடு இதுதான். பெயிண்ட் அடிப்பது உரிமையாளர் காட்டும் சலுகை என்ற எண்ணம் இரு தரப்பிலும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. சட்டமோ அதைக் கடமைகளின் வரிசையில் வைத்திருக்கிறது. வீட்டில் புதிதாக ஏதேனும் கூட்டிக் கட்டினால், முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொண்டு வாடகையை உயர்த்தலாம். கடமையாகச் செய்யவேண்டிய பராமரிப்பைக் காட்டி உயர்த்த முடியாது என்பதும் சட்டம் வைத்திருக்கும் வேறுபாடு.

ஆனால், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று அட்டவணை சொல்லவில்லை. குடியிருப்பவரின் கோரிக்கை தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். கடமை யாருடையது என்பது எழுத்தில் இருக்கிறது, எப்போது என்பது இல்லை. இதைவிட மோசம், தெருமுனைக் கடைகளில் பத்திரத்தாளில் தட்டச்சு செய்து தரப்படும் வாடகை ஒப்பந்தங்கள். பெயர்களையும் தொகையையும் மட்டும் மாற்றிப் பல ஆண்டுகளாக ஒரே நகலை எடுக்கும் இந்த ஒப்பந்தங்கள், காலி செய்யும்போது பெயிண்ட் அடித்துத் தரவேண்டும் அல்லது ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்ற வரியைச் சுமந்துகொண்டே இருக்கின்றன. இதன் விளைவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பத்தாண்டு மங்கிய சுவருக்குள் வாழ்ந்த குடும்பம், வெளியேறும் நாளில், தான் ஒருநாளும் பார்க்கப்போகாத புதுச் சுவருக்குப் பணம் கட்டிவிட்டுப் போகிறது. பெயிண்டுக்கான பணம் குடியிருப்பவரிடமிருந்தே வருகிறது. பலன் மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை.

இத்தனைக்கும் நெடுநாள் குடியிருப்பவர்கள் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்டால் வாடகை ஏறும் என்ற பயம் முதல் காரணம். “பிடிக்கலேன்னா வேற வீடு பார்த்துக்கோங்க” என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடும் என்ற பயம் அடுத்தது. அந்த வேறு வீடு எளிதில் கிடைத்துவிடாது. பிள்ளைகளின் பள்ளி, முதியவர்களின் மருத்துவமனை, வேலைக்குப் போகும் பேருந்துத் தடம் எல்லாம் ஒரு தெருவைச் சுற்றி அமைந்துவிட்டிருக்கும். போதாததற்குச் சாதி, மதம், அசைவம், தனியாக வாழும் பெண் என்று வீடு மறுக்கப்படும் காரணங்கள் நம் நகரங்களில் நீளமானவை. வேறு வீடு கிடைப்பது யாருக்கு மிகவும் கடினமோ அவர்களே ஓர் இடத்தில் அதிக காலம் தங்குகிறார்கள்; அவர்களே மிகக் குறைவாகக் கேட்கிறார்கள். 11 மாத ஒப்பந்தம் இந்தப் பயத்துக்குத் துணைபோகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் சொல்வதைத் தவிர்ப்பதற்காக உருவான வழக்கம் அது. பலரிடம் அந்த 11 மாதத் தாளும் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிக் கிடக்கிறது. 2017 சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாததே வீட்டைக் காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாகலாம் என்பதால், வண்ணம் கேட்பதற்கு முன் ஒப்பந்தத்தைச் சரிசெய்து வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்துகொள்வதே குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு.

உரிமையாளர்களில் பெரும்பாலோர் பெரும் பணக்காரர்கள் அல்ல. ஓய்வுக்காலப் பணத்தில் மாடியைக் கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்கும் முதியவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுக்கு ஒரே தவணையில் பெயிண்ட் செலவு பாரம்தான். ஆனாலும் கணக்கைப் பத்தாண்டுக்கு விரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது. ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் வீடு ஒன்றிரண்டு மாதம் பூட்டிக் கிடக்கிறது. புரோக்கருக்குக் கமிஷன் போகிறது. புதியவர் எப்படிப்பட்டவரோ என்ற கவலையும் சேர்கிறது. அப்போதும் பெயிண்ட் அடித்தே ஆகவேண்டியிருக்கிறது. நெடுநாள் தங்குபவர் இந்தச் செலவுகள் அத்தனையையும் மிச்சப்படுத்தித் தருகிறார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைச் சுவருக்குத் திருப்பினாலே போதும்.

வருமான வரிச் சட்டம் இந்தக் கணக்கை இன்னும் தெளிவாக்குகிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆவது பிரிவின்படி, வீட்டு வாடகை வருமானத்தில், உள்ளாட்சி வரி போக மீதியில் 30 சதவீதம் நேரடியாகக் கழிக்கப்பட்டுவிடும். முன்பு இது பழுதுபார்ப்புக்கும் வாடகை வசூல் செலவுக்கும் என்று நான்கில் ஒரு பங்காக இருந்து, 2001ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் 30 சதவீதக் கழிவாக மாறியது. 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டமும் இந்தக் கழிவை வைத்திருக்கிறது. ரசீது காட்ட வேண்டியதில்லை, செலவு செய்திருக்கவும் வேண்டியதில்லை. மாதம் 15,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். உள்ளாட்சி வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், அதில் 54,000 ரூபாய் வரிக் கணக்கிலேயே வராது. ஐந்தாண்டில் அது 2,70,000 ரூபாய். அத்தகைய நடுத்தர வீட்டின் உட்சுவர்களுக்கு மறுவண்ணம் பூச ஆகும் செலவு இந்தத் தொகைக்கு வெகுவாகக் கீழே. பராமரிப்பை மனத்தில் கொண்டு அரசு விட்டுக்கொடுத்த இந்த இடத்தில் ஒரு பகுதியேனும் பராமரிப்புக்குப் போகவேண்டும் என்று குடியிருப்பவர் எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

வேறு நாடுகள் இதே கேள்வியை எப்படித் தீர்த்திருக்கின்றன என்பது இங்கே உதவும். நியூயார்க் நகரத்தின் வீட்டுப் பராமரிப்பு விதித்தொகுப்பு, மூன்றோ அதற்கு மேலோ வீடுகள் கொண்ட கட்டடங்களில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உரிமையாளர் உட்சுவர்களுக்கு வண்ணம் பூச வேண்டும் என்று நேராகச் சொல்கிறது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு உரிமையாளர்–குத்தகைதாரர் சட்டத்தின் 11ஆவது பிரிவு, கட்டடத்தின் அமைப்பையும் குழாய், மின்சார, சூடாக்கும் வசதிகளையும் உரிமையாளர் பொறுப்பில் வைத்ததோடு சரி. சுவர் மங்கிவிட்டது என்பதற்காக மட்டும் அங்கே குடியிருப்பவர் வண்ணம் கேட்க அந்தப் பிரிவு இடம் தரவில்லை.

மூன்றிலும் செறிவான அனுபவம் ஜெர்மனியுடையது. வாடகை வீட்டில் வாழ்வது இயல்பாகிவிட்ட நாடு அது. ஒரே வீட்டில் 20, 30 ஆண்டு குடியிருப்பவர்கள் அங்கே அபூர்வம் அல்ல. சட்டப்படி உரிமையாளருடையதான வண்ணப்பூச்சுக் கடமையை, ஒப்பந்த வரிகளால் குடியிருப்பவர் தலையில் கட்டுவது அங்கும் வழக்கமாக இருந்தது. சமையலறைக்கும் குளியலறைக்கும் மூன்று ஆண்டு, படுக்கையறைக்கு ஐந்து ஆண்டு, மற்ற அறைகளுக்கு ஏழு ஆண்டு என்று கெடுவும் எழுதப்பட்டது. சுவரின் உண்மை நிலையைப் பாராமல் கெடுவை மட்டும் திணிக்கும் வரிகள் செல்லாது என்று 2004இல் ஜெர்மன் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்ணம் பூசாத வீட்டை, அதற்கு ஈடும் தராமல் ஒப்படைத்துவிட்டு, வண்ணப்பூச்சுச் செலவைக் குடியிருப்பவரிடம் கேட்கக் கூடாது என்று 2015இல் சொன்னது. பிறகு பெர்லினிலிருந்து ஒரு வழக்கு வந்தது. 2002இல் பூச்சில்லாத பழைய நிலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தவர்கள், 2016 மார்ச்சில், சுவர்கள் மேலும் மோசமாகிவிட்டதால் வண்ணம் அடித்துத் தருமாறு உரிமையாளரைக் கேட்டார்கள். அவர் மறுக்கவே, பெயிண்டர் மதிப்பீடான 5,312.50 யூரோவை முன்பணமாகக் கோரி வழக்குத் தொடர்ந்தார்கள். 2020 ஜூலை 8 அன்று வந்த தீர்ப்பு இரு பக்கமும் பார்த்தது. காலப்போக்கில் வீடு கணிசமாகச் சீர்கெட்டால் அதைச் சீர்செய்வது உரிமையாளரின் கடமை. ஆனால், பழைய நிலையில் வாங்கிய வீட்டைப் புத்தம்புதிதாகப் பெறும்போது குடியிருப்பவருக்கும் கூடுதல் நன்மை கிடைப்பதால், பொதுவாக அவர் பாதிச் செலவை ஏற்க வேண்டும்.

இந்த மூன்றிலிருந்தும் தமிழ்நாடு எடுத்துக்கொள்ளத்தக்கது இரண்டு. நியூயார்க்கைப் போலக் கெடு வேண்டும். மூன்று ஆண்டு என்பது நம் எமல்ஷனுக்கும் நடுத்தர உரிமையாளரின் கைக்கும் அதிகம். ஐந்து ஆண்டு பொருந்தும். இரண்டாம் அட்டவணையில் வெள்ளையடித்தல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் “ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை” என்று சேர்க்க அரசுக்குப் பெரிய சிரமம் இல்லை. ஜெர்மனியைப் போல, பெற்ற நிலையைப் பொறுத்துச் செலவைப் பங்கிடும் நியாயமும் வேண்டும். புதிதாகப் பெயிண்ட் அடித்துத் தந்த வீட்டுக்கு உரிமையாளர் முழுச் செலவையும் ஏற்கட்டும். பழைய பெயிண்டோடு குறைந்த வாடகைக்குப் பேசி எடுத்த வீடென்றால் பாதிக்குப் பாதி போகட்டும். சட்டம் திருந்தும் வரை இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள எதுவும் தடையில்லை.

கேட்கும் முறையிலும் காலத்திலும் கவனம் தேவை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம்தான் சரியான காலம். வாடகை உயர்வை உரிமையாளர் பேசும்போது வண்ணத்தைக் குடியிருப்பவர் பேசுவது இயல்பாக அமையும். கேட்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியானாலும் பரவாயில்லை, தேதி பதிவாகிறது. ஒவ்வோர் அறையின் புகைப்படமும், கடைசியாக எப்போது அடித்தது என்பதும், பெயிண்டர் இருவரிடமாவது வாங்கிய மதிப்பீடும் சேர்ந்து போனால் மறுப்பது கடினமாகிறது. வீடு அசிங்கமாக இருக்கிறது என்பது போன்ற சொல் உரிமையாளரைப் புண்படுத்தும். இன்ன சுவரில் ஓதம், இன்ன இடத்தில் பொரிவு என்பது வேலையை நோக்கி நகர்த்தும். முழுச் செலவு முடியாதென்றால், இந்த ஆண்டு சமையலறையும் கூடமும், அடுத்த ஆண்டு படுக்கையறைகள் என்று பிரிக்கலாம். பெயிண்ட் உரிமையாளர் வாங்கித் தர, கூலியைக் குடியிருப்பவர் கொடுக்கலாம். குடியிருப்பவரே செய்து மாதாமாதம் வாடகையில் கழித்துக்கொள்ள உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொள்ளலாம். மத்திய மாதிரிச் சட்டம் இந்தக் கழிவுக்கு மாத வாடகையில் 50 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருப்பது நல்ல அளவுகோல். எதற்கும் இசையாதபோது வாடகை அதிகாரி இருக்கிறார். ஆனால், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் இருவருக்கு அது கடைசி வழியாகவே இருப்பது நல்லது.

ஆட்கள் குடியிருக்கும்போது பெயிண்ட் அடிக்க முடியாது என்பது உரிமையாளர்கள் அடிக்கடி சொல்வது. முடியும், திட்டம் வேண்டும், அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழை முடிந்து சுவர் உலர்ந்த பிறகு, தை பிறந்ததிலிருந்து கோடைவரை ஏற்ற காலம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் பெயிண்டர்கள் கிடைப்பதும் அரிது, கூலியும் கூடுதல். ஓர் அறையின் சாமான்களை நடுவில் குவித்துத் தார்ப்பாயால் மூடி, அந்த அறையை முடித்த பிறகே அடுத்ததைத் தொட்டால், குடும்பம் வீட்டிலேயே இருந்துகொண்டு வேலையை முடித்துவிடலாம். வாடை குறைந்த நீர்க்கலப்பு எமல்ஷன்கள் இப்போது சாதாரணக் கடைகளிலும் கிடைக்கின்றன. பழைய கதவு ஜன்னல்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016இல் வந்து 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே பழைய எனாமலை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், ஈரத்தாளால் தேய்த்து, குழந்தைகளை அந்த நாளில் வேறிடத்தில் வைத்து, தரையை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

கடைசியாக, காலி செய்யும் நாளின் கணக்கு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பது 2017 சட்டம் காட்டும் அளவு. சென்னையில் ஆறு முதல் பத்து மாதம் வரை வாங்குவது தொடர்கிறது. அவ்வளவு பெரிய தொகை உரிமையாளர் கையில் இருக்கும்போது பெயிண்டிங் காசு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது எளிதாகிவிடுகிறது. பிடிப்பதற்கு நியாயம் வேண்டுமானால் அளவு தங்கிய காலத்தைப் பொறுத்திருக்க வேண்டும். புதுப் பெயிண்ட் அடித்த வீட்டை ஓராண்டில் கறைபடுத்திவிட்டுப் போகிறவரிடம் கேட்கலாம். ஐந்தாண்டுக்கு மேல் ஆன பெயிண்ட் தன் ஆயுளை முடித்துவிட்டது. அதற்கு எதையும் பிடிக்க இடமில்லை. சுவரை உடைத்தது, ஆணியடித்துக் காரையைப் பெயர்த்தது போன்ற சேதங்களுக்கு மட்டும், கொத்தனார் ரசீதின்படி கழிக்கலாம். குடிவந்த நாளில் எடுத்த புகைப்படங்களையும், இடையில் தன் கைக்காசில் செய்த வேலைகளின் ரசீதுகளையும் குடியிருப்பவர் வைத்திருந்தால், அந்தக் கணக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.